மீட்டர் அக்காவின் கையெழுத்து

விடியுமுன்பே குருணை அறையில் வேலை தொடங்கிவிட்டது. வெள்ளை ரசாயனக் குருணையை மூட்டை மூட்டையாகச் சுமந்து, உருளைகளில் கொட்டி, தட்டித் தட்டி இறுக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நோயாளிக்குக் கொடுக்கும் மிஷினுக்கு அதுதான் உயிர். தூசியை இழுக்கும் விசிறியை நிறுத்தி மூன்று வாரம். முதலாளிக்குக் கரண்டு மிச்சமாம். ஊருக்கெல்லாம் மூச்சு விற்கிற மகராசனுக்கு இதில்கூடக் கஞ்சத்தனம்.

மீட்டர் அக்கா அடுத்த அறையில் மிஷின்களைச் சோதிப்பவள். ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மீட்டரில் ஆக்சிஜன் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால்தான் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். போன வாரம் முதலாளி வந்து, "ஓடவெல்லாம் விட வேணாம், போட்டுத் தள்ளு" என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்து அவளும் போட்டுத் தள்ளினாள்.

அன்று காலை குருணை அறையில் அவளுடைய தங்கச்சி இருமி இருமிச் சுருண்டு விழுந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். அக்கா, லாரிக்குத் தயாராக இருந்த பெட்டியொன்றைக் கிழித்து, மிஷினைப் போட்டு, குழாயைத் தங்கச்சியின் மூக்கில் செருகினாள். நிமிடங்கள் போயின. நீலம் மாறவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பது! சீட்டில் அவள் கையெழுத்தே பல்லிளித்தது.

"பாவி, நானே போட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டாள். வெல்டர் அண்ணன் சோதனை மேஜையிலிருந்த பழைய மிஷினைத் தூக்கி வந்தார். அது தொண்ணூற்று மூன்று காட்டியது. மெல்லத் தங்கச்சி கண் திறந்தாள்.

அப்போது முதலாளி வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. அவருடைய தூசி அவருக்கே ஆகாது.

"சீல் வெச்ச பெட்டிய எவ பிரிச்சது?"

"நான்தான். உள்ள வெறுங்காத்துதான் சார் வருது."

"உன்ன ஓட்டிப் பாக்கச் சொன்னேனா? லாரி நிக்குது. மிச்சச் சீட்டுல கையெழுத்துப் போடு. இல்லன்னா அக்காளும் தங்கச்சியும் வீட்டுக்குக் கிளம்புங்க."

"போட மாட்டேன். போட்டதையும் கிழிக்கப் போறேன்."

"நீ இல்லன்னா வேற ஆளா இல்ல?" பக்கத்தில் நின்றவளிடம் பேனாவை நீட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அடுத்தவளிடம் நீட்டினார். அவளும் அப்படியே. ஒருவரும் அதைத் தொடவில்லை.

"விசிறி ஓடணும். ஒவ்வொரு மிஷினும் ஒரு மணி நேரம் ஓடணும்" என்றார் வெல்டர் அண்ணன். "அதுவரைக்கும் ஒரு பெட்டியும் லாரில ஏறாது."

"அத்தன பேரையும் வெளிய தள்ளிருவேன்!"

"தள்ளுங்க. அப்புறம் குருணைய நீங்களே கொட்டுங்க."

முதலாளி கைக்குட்டைக்குள் ஏதோ முனகினார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அக்கா தங்கச்சியையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ அவகூடப் போக்கா" என்றபடி பெண்கள் பெட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். "சீட்ட நாங்க கிழிக்கிறோம்."