இல்லாத அண்ணாச்சியின் புகார்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் தேவமணி சார் ஜாய்சியின் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னபோது ஹெப்ரானும் தட்டினான். தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சலா அது, திகுதிகுவென்று எரிந்தது.

பாளையங்கோட்டையில் உள்ள அவர்கள் கம்பெனி மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்கிறது. ஆயிரக்கணக்கான கடைகளில் அது ஓடுகிறது. கோளாறு என்றால் கடைக்காரர்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகார் எழுதுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்காமல் வருஷக்கணக்காகக் கிடந்த புகார்கள் அங்கே மலையாய்க் குவிந்திருந்தன. ஹெப்ரான் இத்தனை காலமும் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கூடங்குளம் பக்கத்திலிருந்து போன வருஷம் வேலைக்கு வந்த ஜாய்சி அதைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றின் கீழும் "இந்தக் கோளாறு இன்னும் இருக்கிறதா? இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் மூடிவிடுவோம்" என்று எழுதினாள். பதில் வந்ததைச் சரிசெய்தாள், வராததை மூடினாள். பாதி மலை கரைந்துவிட்டது.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? எந்தக் கழுதையும் செய்யும். ஆனால் செய்தது அவளல்லவா! டீம் லீடர் நாற்காலி வேறு அடுத்த மாதம் காலியாகிறது. அது தனக்குத்தான் என்று ஹெப்ரான் வீட்டில் சொல்லி, மாமனார் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கையே போட்டுவிட்டார். இனி எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது?

அன்று மாலை அவன் அந்தப் புகார்ப் பக்கத்தில் புதிதாக ஒரு கடைக்காரரைப் பிறப்பித்தான். பெயர் நேசையா, ஊர் திசையன்விளை. ஜாய்சி மூடிய புகார்களாகத் தேடித் தேடிப் போய், "கோளாறு இன்னும் இருக்கு. நல்லா தூங்குதியளா?" என்று நேசையா எழுதினார். கோளாறு இருக்கிறது என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் மூடிய புகார் திறந்துகொள்ளும், அதுதான் அங்கே விதி. ஒரே வாரத்தில் ஜாய்சியின் கணக்கு தாறுமாறாயிற்று. ஹெப்ரானுக்குச் சாப்பாடு ருசித்தது.

அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் எழுதினாள். கையிருப்பு தப்பாகக் காட்டுகிறது என்ற பழைய புகார் ஒன்றின் கீழே, "மன்னிக்கணும் அண்ணாச்சி, எந்த நேரத்துல இப்படி ஆகுது?" என்று கேட்டிருந்தாள். அந்த 'அண்ணாச்சி'யைப் பார்த்ததும் ஹெப்ரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கம்ப்யூட்டர்ல சரக்கு ஏத்தும்போது கரண்ட் போய் வந்தா எல்லாம் ரெண்டு மடங்கா காட்டுது" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அவனிடமே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, திசையன்விளை அண்ணாச்சி ஒருத்தர் பாவம், ரொம்பக் கஷ்டப்படுதாரு."

"அவன் ஒரு கிறுக்கன். மூடிட்டு வேற சோலியப் பாரு."

"அப்படிச் சொல்லாதிய அண்ணே. கோவம் வந்தாலும் விடாம எழுதுதாரு பாத்தியளா? நம்ம மேல நம்பிக்கை இல்லாட்டி எழுதுவாரா?"

அவள் சும்மா இருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸில் ஓடுபவை. ஊரே இருட்டானாலும் அங்கே திரை கண்சிமிட்டாது. இவள் ஒரு கம்ப்யூட்டரை இழுத்துப்போய் நேரடியாகச் சுவரில் செருகி, சரக்கு ஏற்றும் நேரம் பார்த்துப் பிடுங்கினாள். திரும்பச் செருகினாள், பிடுங்கினாள். ஹெப்ரான் தன் இடத்திலிருந்து பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஓடி வாங்க!"

ஐம்பது அட்டை மாத்திரை திரையில் நூறாக நின்றது. அவன் அவிழ்த்துவிட்ட பொய் சத்தியமாகவே அங்கே இருந்தது! கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களிலெல்லாம் இல்லாத மருந்து இருப்பதாகக் காட்டியிருக்கிறது. அதை நம்பிக் கடைக்காரர்கள் புது மருந்து வரவழைக்காமல் இருந்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கோளாறு!

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? அடுத்த மாதம் ஜாய்சி டீம் லீடர். ஹெப்ரான் இரண்டாவது முறையும் கைதட்டினான். கை வலித்தது.

"எல்லாம் அந்த அண்ணாச்சியால வந்தது. அவர் சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள் ஜாய்சி. "அவரோட மத்த புகாரையெல்லாம் ஹெப்ரான் அண்ணன் பாக்கட்டும். அனுபவம் உள்ளவங்க. சரியாயிட்டுன்னு அண்ணாச்சி வாயால சொல்லாம ஒண்ணையும் மூடக் கூடாது."

ஹெப்ரான் அவள் முகத்தையே பார்த்தான். தெரிந்துவைத்துக்கொண்டுதான் குத்துகிறாளா? ஒரு விஷமமும் இல்லை. சுத்தமான முகம். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"எழுத்துலயே கேட்டுக்கிட்டு இருந்தா போதுமா வே?" என்று தேவமணி சார் மேஜைக்கடியிலிருந்து ஒரு சால்வையை எடுத்து ஹெப்ரான் கையில் கொடுத்தார். "நேர்ல போயி கம்பெனி சார்பா அவருக்குப் போர்த்தி, ஒரு போட்டோ எடுத்துட்டு வாரும்."

"அவரு... கூச்ச சுபாவம் சார். வேண்டாம்னுதான் சொல்லுவாரு."

"உமக்கு எப்படித் தெரியும்?"

ஹெப்ரான் எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது என்று ஏதோ முணுமுணுத்தான்.

"கூச்சப்பட்டா நான் பேசிக்கிடுதேன்" என்றாள் ஜாய்சி. "சனிக்கிழமை நானும் கூட வாரேன் அண்ணே. அந்த மனுசன எனக்கு ஒருதடவ பாக்கணும்."