மரம் இன்னும் விழவில்லை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மலைவீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு நான் எழுதிய புகாராகப் பிறந்தது. புகார் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம். என்னுடையது ஆறு பக்கம். "இது புகார் இல்லம்மா, கதை. பத்திரிகைக்கு அனுப்புங்க" என்று செயலாளர் திருப்பித் தந்துவிட்டார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆகவே இந்தக் கதையில் செயலாளருக்கு நல்ல குணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

விஷயம் சின்னது. நானும் அக்காவும் சேர்ந்து மலையில் ஒரு சின்ன வீடு வாங்கினோம், விடுமுறைக்குப் போய் இருக்க. பக்கத்து மனையில் ஒரு பெரிய மரம். போன மழைக்குப் பிறகு அது எங்கள் பின்பக்க அறையின் தகரக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. மரத்துக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வெட்ட மாட்டேன் என்கிறார். சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஓர் இலையைக்கூடத் தொடக் கூடாது என்பது சங்கத்து விதி. அந்தப் பின்பக்க அறையில் என் அக்கா தூங்குகிறாள்.

2

முதல் தொடக்கம்: "பனி விலகியபோது மலைவீடு மெல்ல"

(விட்டுவிட்டேன். மலைவீட்டைப் பற்றி அழகாக எழுதுகிறவர் யாரும் மலைவீடு வைத்திருப்பவராக இருக்க மாட்டார். உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது நாற்றம். மெத்தை ஈரம், தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம். கரண்டி வைக்கும் இழுப்பறையில் எலி குட்டி போட்டிருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் குளியலறைச் சுவருக்குள் ஏதோ விசிலடிக்கும். எரிவாயு உருளை கொண்டுவருகிறவன் கடைசி வளைவுக்கு மேல் வண்டி ஏறாது என்று உருளையைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். குழாய்க்காரரைக் கூப்பிட அந்த வளைவுக்கே நடக்க வேண்டும்; அங்கேதான் சிக்னல். "வந்துட்டே இருக்கேன்" என்பார், வேறொரு மலையிலிருந்து. ஒவ்வொரு முறையும் ஓய்வெடுக்க மலைக்குப் போய், அந்த அலுப்புத் தீர ஓய்வெடுக்க வீடு திரும்பினோம்.)

இரண்டாம் தொடக்கம்: "டாக்டர் கல்நெஞ்சக்காரர்."

இது இருக்கட்டும்.

3

இருக்கட்டும் என்றேனே தவிர, எழுத எழுத எனக்கே சந்தேகம். ஆடுகிற பல்லைக் கண்டால் வாழ்நாளெல்லாம் பிடுங்கிப் போட்டவர், ஆடுகிற மரத்தை மட்டும் விடமாட்டேன் என்றால் எந்த வாசகர் நம்புவார்? ஆனால் அப்படித்தான் நடந்தது. வேலியின் அந்தப் பக்கம் கம்பளிக் குல்லாயோடு நின்று அவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"டாக்டர், வேர் வெளிய தெரியுது."

"தெரியுதும்மா."

"ராத்திரி பூரா கிளை கூரையில உரசுது."

"அதுவும் கேக்குது."

"அப்புறம் ஏன் வெட்ட மாட்டேங்கறீங்க?"

"பாப்போம்."

இந்தப் 'பாப்போம்' எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷியின் தலைக்கு மேல் மரம் தொங்குகிறது, இவர் பார்ப்பாராம். ஆறு பக்கத்தில் நாலு பக்கம் இந்த ஒரு சொல்லைப் பற்றியது.

(அடிமரத்தில் ஒரு தடித்த கயிறு சுற்றியிருந்தது. அதன் மறுமுனையை எங்கள் சன்னல் கம்பியில் கட்டி, அக்கா துணி காயப்போட்டிருந்தாள். சூழலுக்காக எழுதி வைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.)

4

அக்காவை இன்னும் சரியாகச் சொல்லவில்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரில் உள்ளவர்களை எல்லாம் இணைத்துவிட்டு, ஓய்வுபெற்ற பின் சிக்னல் இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மகன், மருமகளோடு நகரத்தில் இருந்தவள், "ரெண்டு வாரம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று மலைக்குப் போனாள். எட்டு மாதம் ஆகிறது.

"முன் ரூம்ல படுக்கா" என்றால், "எனக்கு இங்கதான்டி தூக்கம் வருது" என்பாள்.

முதல் வரைவில் அவளை அசட்டுத் துணிச்சல்காரியாக எழுதியிருந்தேன். வாசகர்கள் ரசிக்கிற மாதிரி நாலு வேடிக்கையும் சேர்த்திருந்தேன். இன்னொன்றை அந்த வரைவில் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்க எனக்கு ஆசை. எலிக்கும் குழாய்க்கும் உழைத்து அலுத்துவிட்டது. வாங்க ஒரு தம்பதி வந்தார்கள்.* வீடு பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, மரம் போக வேண்டும். அக்காவிடம் சொன்னேன். "நல்லதுதானே" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

* அவர்களுக்குக் கதையில் வேலை இல்லை. அந்த அம்மாள் சன்னலைத் திறந்து ஆழமாக மூச்சு இழுத்ததைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்பதோடு சரி.

5

போன வாரம் மரம் வெட்டுகிறவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரே டாக்டர் வாசலில் போய் நின்றேன். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, மானத்தை வாங்கிவிடுவது என்று. மரம் வெட்டுகிறவர் சுற்றிப் பார்த்தார். மரத்தை மறுபக்கப் பாறையோடு இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"கம்பி நிக்கும். வேர் நிக்காது" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா டாக்டர்? எங்க அக்கா உயிர் போனாத்தான் உங்களுக்கு உறைக்குமா?"

நான் கத்தி முடித்தேன். டாக்டர் குல்லாயைக் கழற்றினார்.

"நான் எப்பவோ ஆள் வரவழைச்சேன்மா. கயிறுகூடக் கட்டியாச்சு. உங்க அக்கா வந்து மரத்தடியில உக்காந்துட்டாங்க. காலையிலேருந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு. ஆளுங்க பாத்துட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"சொல்லுங்க."

"'டாக்டர், இந்த மரம் சாஞ்சு நிக்கிற வரைக்கும்தான் வீட்டை யாரும் வாங்க மாட்டாங்க'ன்னு சொன்னாங்க. கம்பியாவது கட்டிக்கிறேன்னேன். அதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க."

ஆறு பக்கம் அவரைத் திட்டியிருக்கிறேன். அதையெல்லாம் வாங்கிக்கொண்டு 'பாப்போம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

6

அக்கா கயிற்றில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? உயிரோட விளையாடுறியா?"

"விளையாடலடி. இருக்கேன்."

"ஏன், கீழ மகன் வீட்ல உனக்கு ரூம் இல்லையா?"

"அங்க இப்போ நின்ன இடத்துல ஓடுற எக்சர்சைஸ் மெஷின் இருக்கு. கட்டிலைப் பிரிச்சு மாடிப்படிக்குக் கீழ வெச்சிருக்காங்க. துணி எல்லாம் சுத்தி, நல்லபடியாத்தான். மருமக போட்டோ அனுப்பினா. எப்போ வேணும்னாலும் திரும்ப மாட்டிக்கலாமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா என்ன சொல்லுவ? உன் வீட்டுக்கு வான்னுவ. நானும் வருவேன். கொஞ்ச நாள்ல நீயும் ஒரு மெஷின் வாங்குவ."

முப்பது வருஷம் வேலை பார்த்து, மகனைப் படிக்கவைத்து, வீடு கட்டிக் கொடுத்த ஒருத்தி, தன் தலைக்கு மேல் மரத்தை நிறுத்தி வைத்தால்தான் தனக்கென்று ஓர் அறை மிஞ்சும் என்றால் இது என்ன குடும்பம்? அந்த மெஷினில் என் அக்கா மகன் தினமும் ஓடுகிறானாம். எங்கே போய்ச் சேரப் போகிறான்?

(இங்கே அவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அச்சில் வரக் கூடாத வார்த்தைகள். எடுத்துவிட்டேன். ஆறுதலாக இல்லை.)

விற்காமல் மரத்தை மட்டும் வெட்டலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"விக்கலக்கா. மரத்தை மட்டும் வெட்டிடுவோம்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"இன்னைக்கு சொல்லுவ. அடுத்த தடவை குழாய் வெடிக்கும்போது என்ன சொல்லுவ?"

வாளியிலிருந்து அடுத்த துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கி உதறிப் போட்டாள்.

7

முடிவுகள்.

(அ) அக்கா தன் மகனோடு போனில் பேசச் சாலை வளைவுக்குப் போயிருந்த நேரத்தில் மரம் விழுகிறது. அறை மட்டும் போகிறது, எல்லோரும் அழுது ஒன்றுசேர்கிறார்கள். இதை எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

(ஆ) மரம் மலையை விட்டுப் புறப்பட்டு, நகரத்தில் அந்த மெஷின் மேல் போய் விழுகிறது. நடக்காது. ஆனால் எழுதும்போது மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

(இ) காற்று பலமாக அடித்த அன்று அக்கா அந்த அறையில்

இதை எழுத மாட்டேன். யார் கேட்டாலும் எழுத மாட்டேன்.

இன்னொரு முடிவு உங்களுக்கு இதற்குள் தோன்றியிருக்கும். என் பங்கையும் அக்கா பேருக்கு எழுதிவிட்டால் தீர்ந்தது. அவளுக்குப் பயம் போய்விடும், மரமும் மறுநாளே போய்விடும். இவ்வளவு எழுதுகிறவள் அந்த ஒரு பத்திரத்தை எழுதினால் என்ன என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கென்ன, நினைப்பீர்கள். உங்கள் பங்கா போகிறது? எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் வயதாகிறது, எனக்கும் ஒரு நாள் என் கட்டிலை

(இந்த வாக்கியத்தையும் இப்படியே விடுகிறேன்.)

இன்று காலை செயலாளர் தானாகவே வந்தார். சுருக்கமாகத் தந்தால் புகாரை எடுத்துக்கொள்கிறாராம். புது வரைவு எழுதிவிட்டேன், அரைப் பக்கம்கூட வரவில்லை. மரம் சாய்ந்திருக்கிறது, வேர் நிற்காது, கீழே ஒருத்தி தூங்குகிறாள். அவ்வளவுதான். 'புகார் யார் மீது' என்ற இடத்தில் டாக்டரை அடித்துவிட்டேன். அக்கா மகனை எழுதிப் பார்த்தேன், புகார் அவனோடு நிற்கவில்லை. இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது.

நீங்களே நிரப்புங்கள். சீக்கிரம், மழை வருகிறது. என்னை எழுதினால் கோபித்துக்கொள்வேன். ஆனால் அழிக்க மாட்டேன்.