மோதிரத்தின் உட்புறம்

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே சொந்தக்காரர்களின் நகையெல்லாம் குளுவாங் ஊரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். கடையில் கொடுத்தால் தேய்த்தே பாதியாக்கிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தேகம். எனக்கும் பெரிய வித்தையெல்லாம் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, குழந்தைகளின் பல் பிரஷ், அவ்வளவுதான். முத்தை ஊறவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். கெம்புக் கல்லின் பின்னால் தண்ணீர் இறங்கினால் கல் மங்கிவிடும். ஒருமுறை மூக்குத்தி ஒன்று சிங்க் துளைக்குள் போனதிலிருந்து எல்லாவற்றையும் தேத்தண்ணி வடிகட்டியில் போட்டுத்தான் அலசுகிறேன்.

ஊரார் நகையைக் கழுவுகிற நான் என் கல்யாண மோதிரத்தைக் கழற்றியதே இல்லை. கல்யாணப் பூசையில் சாமியார் மந்திரித்துப் போட்டதைக் கழற்றக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வருடம் அதன் அடியில் தோல் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. சோப்பு உள்ளே தங்குகிறது, கழற்றிக் கழுவுங்கள் என்றார் கிளினிக் டாக்டர். வியாழக்கிழமை எண்ணெய் தடவித் திருகித் திருகிக் கழற்றினேன். உட்புறம் முப்பத்திரண்டு வருட அழுக்கு. பிரஷ் போட்டதும் எழுத்து தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் கணவர் பெயர் அமலநாதன். மோதிரத்தில் பிரெட்ரிக் என்று இருந்தது.

பிரெட்ரிக் என் அக்கா ஜோஆனின் கணவர். போன வருடம் இறந்துபோனார்.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா எங்கள் இருவரையும் ஒரே பூசையில் கட்டிக்கொடுத்தார். ஒரே கடையில் செய்த நான்கு மோதிரங்கள், மந்திரிக்க ஒரே தட்டு. எனக்கும் அக்காவுக்கும் விரல் ஒரே அளவு. பூசைக்கு உதவிக்கு நின்று தட்டை நீட்டிய கோயில்பிள்ளை எந்தப் பக்கத்தை யாரிடம் நீட்டினாரோ. அப்படியானால் அக்காவின் விரலில் இருப்பது என் வீட்டுக்காரர் பெயர். யோங் பெங்கில் தனியாக இருக்கும் அவள், ஜெபம் முடித்து அந்த மோதிரத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் படுப்பாள். முத்தமெல்லாம் அமலநாதனுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கோ ஒன்றும் தெரியாது, அது புதிதல்ல.

சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சனிக்கிழமை நகையோடு வரும்போது மோதிரத்தையும் வாங்கி, கழுவுகிற சாக்கில் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் எப்போதாவது உள்ளே பார்த்திருப்பாளா என்ற கேள்விதான் இரண்டு நாளும் குடைந்தது.

வந்ததும் சங்கிலியையும் தோட்டையும் மேசையில் வைத்தாள்.

"மோதிரத்தையும் குடு அக்கா. மங்கிப்போச்சு லா."

அது எண்ணெயும் இல்லாமல், சோப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடிக்கடி கழற்றுகிற விரலில்தான் அப்படி வரும்.

"உள்ள பாக்காத. கழுவி மட்டும் குடு."

மோதிரத்தை வடிகட்டியில் போட்டுவிட்டு பிரஷைக் கீழே வைத்தேன். "உனக்குத் தெரியுமா?"

"பிரையன் பொறந்தப்போ கை வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரில கழட்டுனாங்க, அப்பப் பாத்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க அத்தான்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு. நான் உன் விரல்ல போட்டது இதுதானே, பேரு யாருதா இருந்தா என்னன்னாரு. நானும் விட்டுட்டேன்." பிரையனுக்கு இப்போது முப்பது வயது. அக்கா தன் வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அவரு போன பிறகு அந்தப் பேரு வேணும்போல இருக்கு எவ்லின். ஆனா அவரு போட்டு விட்டதயும் விட மனசு வரல."

வடிகட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். அதில் என்னுடையதும் அவளுடையதுமாக இரண்டு மோதிரங்கள் கிடந்தன.

"அலமாக்," என்று மெதுவாக வியந்தாள். "நீயும் கழட்டிட்டியா."

வடிகட்டியை வாங்கி வெள்ளைத் துண்டில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றைத் தன் விரலில் போட்டுக்கொண்டு வந்து, "கையக் குடு" என்றாள். மற்றதை என் விரல் மூட்டைத் தாண்டி அவளே தள்ளிவிட்டாள். எது எது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு அமலநாதன் வந்து அரிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் கையைப் பிடித்து, மோதிரத்தை விரலிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நல்லா பளபளன்னு இருக்கு," என்றார்.