பின்பக்கத்துப் பீரங்கி

லண்டன் கிங்ஸ்பரியில் தமிழர்கள் வாடகைக்கு எடுக்கும் அந்த மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தத் தடை. ஆகவே மங்கள விளக்கு பற்றரியில் எரிந்தது. ஐந்து பிரமுகர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு சுவிட்சைப் போட்டார்கள். போட்டுவிட்டுக் கமெராவைப் பார்த்து நிமிர்ந்தார்கள். சிறப்பு விருந்தினர் பிந்தித்தான் வருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சபையும் பிந்தியே வந்திருந்தது.

அன்று வெளியிடப்பட்டது ரிஷெலியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பற்றிய நூல். எழுதியவர் பத்மநாதன், லண்டன் ரயில்வேயில் சிக்னல் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வரைபடங்களைத் தேடிப் பல ஆண்டுகள் பிரான்சுக்குப் போய்வந்தவர். அதற்காகவே பிரெஞ்சு கற்றவர். மேடையில் இருந்தவர்களில் நூலை வாசித்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர். மற்றவர் ஆய்வுரை ஆற்ற வந்திருந்த சயந்தினி, கப்பல் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர்.

நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரும்படி பத்மநாதன் சயந்தினியைக் கேட்டிருந்தார். கப்பல் தெரிந்தவர்களின் கண்ணில் தன் உழைப்பு பட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தமிழில் மட்டும் இருந்தால் அது நடக்காது. சயந்தினியும் சம்மதித்திருந்தார், அட்டையைப் பார்க்கும்வரை.

ரிஷெலியூவின் பெரிய பீரங்கிகள் எட்டும் முன்பக்கத்திலேயே இருந்தன, நான்கு நான்காக இரண்டு பீரங்கிக் கோபுரங்களில். பின்பக்கத்தில் இருந்தவை சிறியவை. ஏன் அப்படி என்பதை விளக்குவதற்குத்தான் நூலின் முதல் அத்தியாயம். அட்டைப்படத்திலோ பின்பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பெருங்கோபுரம் நான்கு குழல்களோடு நின்றது.

அதை வைக்கச் சொன்னவர் அருள்நேசன். வெம்பிளியில் சூப்பர்மார்க்கெட் நடத்துபவர், அச்சுச் செலவை ஏற்றவர், ஆகவே விழாத் தலைவர். ரிஷெலியூ 1944இல் திருகோணமலைக்கு வந்தது உண்மை. அப்போது துறைமுகப் பட்டறையில் வேலை செய்த தன் தந்தையார் அந்தக் கப்பலின் ‘பின்புறப் பெரும் பீரங்கிக் கோபுரத்தை’ப் பழுதுபார்த்ததாக அணிந்துரையில் எழுதியிருந்தார். எழுதிய பிறகு கோபுரம் தேவைப்பட்டது.

“பின்பக்கம் மொட்டையாக் கிடக்கு அண்ணை. கட்டி முடிக்காத கப்பல் எண்டு சனம் நினைக்கும்” என்றார். பத்மநாதன் மறுத்துப் பேசவில்லை. சென்னையில் இருந்த வடிவமைப்பாளர் முன்கோபுரத்தையே வெட்டி, திருப்பிப் பின்னால் ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

அட்டையைப் பார்த்த அன்றே சயந்தினி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏற்புரையில நீங்களே சொல்லுங்கோ அண்ணை. அட்டை பிழை, பின்னால பெரிய பீரங்கி இல்லை எண்டு. ஒரு வசனம் போதும். சொன்னால் நான் மொழிபெயர்க்கிறன்.”

“ஓம் தங்கச்சி, சொல்லுறன். அதைச் சொல்லாமல் விடேலுமோ?”

விழாவில் முதலில் பேசியவர் சிறப்பு விருந்தினர் டாக்டர் பத்ரிநாராயணன், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பெயர் எடுத்த இதய நிபுணர்.

“சாரோட புத்தகத்தைக் கையில எடுத்தா கீழ வைக்க மனசு வரலை” என்றார். புத்தகம் அவருடைய நாற்காலியில் ரிப்பன் கட்டோடு கிடந்தது. பிரெஞ்சுக் கப்பலைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னதும் சோழர் கடற்படைக்குப் போய்விட்டார். அங்கிருந்து கொலஸ்டிரோலுக்கு வந்தார். சபை முதன்முறையாகக் குறிப்பெடுத்தது.

பிறகு சயந்தினி. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள் போர்க்கப்பல்களின் எடைக்கு வரம்பு வைத்திருந்த காலம் அது. பீரங்கிகளை ஓரிடத்தில் குவித்தால் கவசம் போட வேண்டிய நீளம் குறையும், எடை மிஞ்சும் என்று தொடங்கினார். ஒரே அடியில் நான்கு பீரங்கிகளும் வாய்மூடிப் போகாமலிருக்க ஒவ்வொரு கோபுரத்தின் நடுவிலும் சுவர் வைத்ததைச் சொன்னார். முற்றாகக் கட்டி முடியாமலே அந்தக் கப்பல் ஜெர்மானியருக்குத் தப்பி மேற்கு ஆபிரிக்காவின் டக்காருக்கு ஓடியது. பிரான்ஸ் சரணடைந்துவிட்டதால் அது ஜெர்மானியர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்த பிரித்தானியர் அங்கே அதைத் தாக்கினார்கள். திருப்பிச் சுட்டபோது அதன் குண்டுகள் சொந்தக் குழல்களுக்குள்ளேயே வெடித்தன. வெடிமருந்துதான் காரணம் என்றார்கள் முதலில். குண்டின் வடிவமைப்பே பிழை என்பது பிறகுதான் வெளியே வந்தது. நியூயோர்க்கில் திருத்தப்பட்டு, தன்னைச் சுட்டவர்களின் அணியிலேயே சேர்ந்து அது திருகோணமலைக்கு வந்தது.

நல்ல கதை. முன்வரிசையில் ஒருவர் சிற்றுண்டி மேசையிலிருந்து பொரித்த ரோல்ஸ் வாசனை வந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் ‘முடிக்கவும்’ என்று துண்டுச்சீட்டு அனுப்பினார். சயந்தினி அதை மடித்து வைத்துவிட்டு, “அட்டைப்படம் பற்றி நூலாசிரியர் தமது ஏற்புரையில் சொல்லுவார்” என்று சொல்லி இறங்கினார்.

அருள்நேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“சயந்தினி நல்லாப் படிச்ச பிள்ளை. படிச்ச ஆக்கள் ஒரு பிழையாவது பிடிக்காமல் சாப்பிட மாட்டினம். ஆனா என்ர அப்பா அந்தப் பீரங்கிக் குழலுக்குள்ள தலையை விட்டுப் பாத்தவர்.”

“அந்த நேரம் சுடேல்லையோ?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

“சுட்டிருந்தால் நான் எங்காலை வந்தனான்?”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அருள்நேசன் பத்மநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார். இருவரும் கட்டித் தழுவிய நிலையில், புகைப்படக்காரர் போதும் என்னும்வரை நின்றார்கள்.

ஏற்புரை நன்றிகளால் நீண்டது. விளக்கின் சுவிட்சைப் போட்டவர்களுக்கும் நன்றி கிடைத்தது. கடைசியில் பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றினார். சயந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட்டைப்படம் பற்றிச் சிலர் கேட்டார்கள். ரிஷெலியூவின் பின்பகுதியிலும் பீரங்கிகள் இருந்தன என்பது வரலாற்று உண்மை. அவற்றைத் தொட்ட கை ஒரு தமிழனின் கை என்பதில் நாம் பெருமைப்படலாம்.”

அன்று விழுந்த கைதட்டல்களில் அதுதான் பெரியது. அவருக்குப் பின்னால் அட்டைப்படம் ஆளுயரத்துக்குப் பெருப்பித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. ‘சிறிய’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் படம் பொய்யாகியிருக்கும். பிரெஞ்சு கற்று, வரைபடங்களைக் கண்ணில் ஒற்றிப் பார்த்த மனிதர், எந்தச் சொல்லை விட வேண்டும் என்பதையும் அதே கவனத்தோடு தெரிந்துவைத்திருந்தார்.

கூட்டம் முடிந்து தேநீர் மேசையடியில் சயந்தினி கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது பத்மநாதனே தேடி வந்தார்.

“நான் பொய் சொல்லேல்லை தங்கச்சி. பின்னால ஒன்பது பீரங்கி இருந்தது உங்களுக்கும் தெரியும்தானே.”

“தெரியும். உங்கட புத்தகத்திலதானே படிச்சனான். அது ஆறங்குலம். அட்டையில கிடக்கிறது பதினைஞ்சு.”

“அந்தாளின்ர மனுசி, பிள்ளையள் முன்வரிசையில இருக்கினம். தகப்பனைப் பொய்யன் எண்டு மேடையில சொல்லச் சொல்லுறியளோ?”

“தகப்பனை ஆர் பொய்யன் எண்டது? அந்த மனுசன் வேறை ஏதும் கப்பலைச் சொல்லியிருப்பார். மகன்தான் கொண்டுவந்து உங்கட கப்பலில ஏத்தினவர். நீங்கள் இறக்கியிருக்கலாம்.”

பத்மநாதன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். “இங்கிலீசுக்கு வேறை அட்டை போடுவம்.”

“அணிந்துரை?”

“அது… அவர் இல்லாட்டி இந்தப் புத்தகமே இல்லை.”

“அப்ப அதையும் மொழிபெயர்க்க வேணும். என்னால ஏலாது அண்ணை. என்ர கந்தோரில வேலை செய்யிறவை கப்பல் கட்டுற ஆக்கள். என்ர பேர் போட்டு அதை அவையளுக்கு முன்னால வைக்க மாட்டன்.”

“கொஞ்ச நாள் யோசியுங்கோவன்.”

“நீங்கள்தான் யோசிச்சிருக்க வேணும். வாறன்.”

சயந்தினி வெளியே போனார். கதவு மூடுவதைப் பார்த்தபடி பத்மநாதன் பொன்னாடையோடு நின்றார். வடைத் தட்டோடு டாக்டர் பத்ரிநாராயணன் வந்தார். அவருடைய தோளில் கை போட்டபடி அருள்நேசனும்.

“சார், இங்கிலீஷ்ல எப்ப வருது? என் பசங்களுக்குத் தமிழ் படிக்க வராது.”

அருள்நேசன் பத்மநாதனைப் பார்த்தார்.

“வேலை நடந்துகொண்டிருக்கு டொக்டர்” என்றார் பத்மநாதன். “சயந்தினிதான் செய்யிறா.”