மரைக்கேயின் சுவரொட்டி

எங்கள் இம்மரோட் கிராமத்துக்கு அடியில் நிலக்கரி கிடந்தது. சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்து, கம்பெனி கட்டும் புது ஊருக்குப் போகச் சொல்வதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் மரைக்கே ஓடன்டால் ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வாங்கினாள். அவளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டோம்.

அவள் அணிக்குப் பணம் கொடுத்தது சுரங்கக் கம்பெனி. பிறகு அவள் படத்தையும் கேட்டது, கொடுத்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரச் சுவரொட்டி எழுந்தது: கையில் மட்டை, முகத்தில் சிரிப்பு, கீழே ‘புது ஊர், புது ஆட்டம்’. அதைப் பார்த்து யாரும் வீட்டை விற்கவில்லை. ஆனால் விற்ற எல்லோரும் அவளைத் திட்டிக்கொண்டே விற்றார்கள்.

அவள் அப்பா வில்லிபெர்ட் மட்டும் கிளம்பவில்லை.

கல்லறைகளைத் தோண்டி இடம் மாற்றத் தொடங்கிய அக்டோபரில், அம்மாவின் கல்லறைக்காக மரைக்கே வந்தாள். கல்லறையைச் சுற்றிக் கட்டிய தடுப்புத் துணிக்கு வெளியே நாங்கள் சிலர் நின்றோம். வில்லிபெர்ட்டும், சின்ன வயதிலிருந்து அவள் அணியில் கோல் காத்த ட்ரூடேவும் இருந்தார்கள்.

“புது மைதானத்துல முதல் மேட்ச் என்னை ஆடச் சொல்றாங்க. வாயேன் ட்ரூடே, கோல்ல நில்லு.”

“நீயே அடிச்சுக்கோடி. அங்க உன்னைத் தடுக்க யாரு இருக்கா?”

மரைக்கே அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்களாவது பேசுங்க.”

“உன் மூஞ்சிக்குக் கீழ நின்னுதான் தினம் பஸ் ஏறுறேன். இன்னும் என்ன பேசணும்?”

அம்மாவின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றியதும் அவள் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். நகத்தால் சுரண்டிச் சுவரொட்டியைக் கிழித்தாள். காகிதம் கீற்றுக் கீற்றாகத்தான் வந்தது. விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் உதவவில்லை, தடுக்கவுமில்லை.

“கிழிச்சா குழி மூடிடுமா?” என்றார் வில்லிபெர்ட்.

அன்றே கம்பெனிக்குப் போன் செய்து, இனி தன் பெயரும் படமும் கிடையாது என்றாள். முதல் ஆட்டத்துக்கு அவர்கள் வேறொரு வீராங்கனையைக் கூட்டி வந்தார்கள்.

குளிர்காலத்தில் வில்லிபெர்ட்டின் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். மரைக்கே காரில் வந்தாள். புது ஊருக்கு வரமாட்டேன், எங்காவது நகரத்தில் ஓர் அறை போதும் என்றார் அவர். அவள் பெட்டிகளை ஏற்றிவிட்டு முன்கதவைத் திறந்து பிடித்தாள். அவர் பின்கதவைத் தானே திறந்து, வாடகை வண்டியில் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார்.