வரியில்லாதவளுக்கு வரிச்சலுகை

ஆர்லீன் பெல்கி மேல்கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத் தன் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சுவரில் வீட்டைச் சூடாக்கும் புத்தம்புது ஹீட் பம்ப் பளபளத்தது. அதை அணைத்து வைத்திருந்தாள். அதை வாங்கிய கடனுக்கு வங்கித் தவணை கட்டினால், அதை ஓட்டும் மின்சாரத்துக்குக் காசில்லை. குளிர்காய இருந்த பழைய விறகு அடுப்பையோ, இதை மாட்ட வந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மார்ச் மாதம் என்பது காலண்டரில் மட்டும்தான் வசந்தம்.

ஹீட் பம்பை விற்றவர் வெண்டல் ஸ்டிஞ்ச்ஃபீல்ட். கடைக்குச் சொந்தக்காரர், ஊர் நிர்வாகக் குழுத் தலைவர். பூமியைக் காப்பாற்றும் பொறுப்பையும் தாமாகவே ஏற்றுக்கொண்டவர். "ரெண்டாயிரம் டாலர் கவர்மென்ட் வரிச்சலுகை தருது ஆர்லீன்! அதை அப்படியே பேங்க்ல கட்டிடுங்க" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

ஆர்லீன் நீட்டிய காகிதங்களைப் பார்த்துவிட்டு, நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு போட்டுத்தரும் பெண் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது நீங்க கட்ட வேண்டிய வரியில கழிக்கிறதும்மா. உங்க பென்ஷனுக்குத்தான் வரியே கிடையாதே, எதுல கழிக்கிறது?"

"அப்ப எனக்கு எவ்வளவு வரும்?"

"ஒண்ணும் வராது."

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் ஊர்ப் பொதுக்கூட்டம். வீடுகளுக்கெல்லாம் வெப்பம் கொண்டுவந்த வெண்டலுக்கு நன்றி சொல்லித் தீர்மானம். தீர்மானத்தை எழுதியவரும் வெண்டல்தான். ஆர்லீன் கோட்டைக் கழற்றாமலே எழுந்தாள்.

"போன வருஷம் உங்க வீட்டுக்குச் சலுகை வாங்கினீங்களா, வெண்டல்?"

"சட்டப்படி வாங்கினேன்."

"இந்த வருஷம் ஏரிக்கரை வீட்டுக்கு?"

"அதுவும் சட்டப்படிதான்."

"சின்ன வயசுல, நான் இந்த ஸ்கூல் கேன்டீன்ல சோறு போட்டப்பவும் நீ ரெண்டு தரம் தட்டைத் தூக்கிட்டு வருவ. அப்பவாவது மத்த பசங்களுக்கு மிச்சம் இருந்துச்சு!"

அரங்கம் சிரித்தது. வெண்டலின் காது சிவந்தது. "நான் பொய் சொல்லலையே! சலுகை இருக்கு. யாருக்குன்னு நீங்கதான் கேக்கல."

"கேக்காதது என் முட்டாள்தனம். தெரிஞ்சும் நீ சொல்லலையே, அதுக்குப் பேர் என்ன?"

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. வரிச்சலுகை வரி கட்டுறவனுக்குத்தான். வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லாதவங்களுக்கு அதுல சல்லிக்காசு வராது. விக்கிறவன் பேச்சை நம்பிக் கடன் வாங்காதீங்க. முதல்ல நூலகத்துக்குப் போய் உங்க கணக்கைக் காட்டுங்க. நடுங்குறவளை விட்டுட்டு, ரெண்டு வீட்டுக்காரனுக்குப் போர்வை போத்துற சட்டம் இது. இதுக்கு நன்றி சொல்ல என் கை எழும்பாது."

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று கூட்டத்தை நடத்தியவர் அறிவித்தார். தூக்கியவர்கள் இரண்டு பேர்: வெண்டலும் அவருடைய மைத்துனரும். மைத்துனர்கூடத் தோள்வரைதான் தூக்கினார்.