அடுத்த சொல்

அபூசாலி காக்காவின் மாட்டு வண்டி கிறவல் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. கிருபாமலர் பக்கத்தடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். காலையில் அவிழ்ந்த பின்னலை அவள் இன்னும் கட்டவில்லை. பாதையின் இரு பக்கமும் வெட்டி முடிந்த வயல்கள்.

"ஐயாட்டப் போய் என்னண்டு சொல்லப் போறாய் புள்ள?" அபூசாலி காக்கா திரும்பாமலே கேட்டார். அவருடைய வயலும் ஐயாவின் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை.

"அக்கா கூப்பிடுறா எண்டு."

"அவ கூப்பிட்டதா?"

அவள் தலையைத் திருப்பி வயலைப் பார்த்தாள்.

"கூப்பிட்டா வருவான் உன்ட தகப்பன் நேசராசா. அதுக்குத்தானே காத்துக் கிடக்கான்," என்று சொல்லி அவர் மாட்டை அதட்டினார்.

அக்கா எலிசாவுக்கு நெருப்புக்காய்ச்சல். காலையில் அப்போத்திக்கரி வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். கண்மடலை இழுத்துப் பார்த்தார். வெளியே போய் அம்மாவிடம், "சுவாமியாருக்குச் சொல்லி அனுப்புங்க," என்றார். சுவாமியார் வந்து, சாகும் தறுவாயில் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனபின் அக்காவின் உதடுகள் அசைந்தன. அம்மா யூஜினி குனிந்து காதைக் கொடுத்தாள். உடனே நிமிர்ந்தாள்.

"ஐயா எண்டு சொல்றாள்! தகப்பனைத் தேடுறாள் புள்ள. ஓடு கிருபா, கூட்டிற்று வா!"

கிருபாமலரும்தான் கேட்டாள். அக்கா சொன்னது ஐயா அல்ல.

யோ, தூ, எல், எய்யா.

கடைசிச் சொல் மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்திருந்தது. அது ஸ்பானிய மொழி. நான், நீ, அவன், அவள்.

எலிசா கன்னியாஸ்திரியாகப் போகவிருந்தாள். மடத்தின் தலைவி மதர் கொன்சுவேலோவின் சபைக்குத் தாய்மடம் ஸ்பெயினில் இருந்தது. அது ஐம்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கொழும்பில் கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. அதற்கு முன் கொஞ்சமாவது பேசப் பழக வேண்டும் என்று மதர் பூசைக்குப் பிறகு அவளை இருத்திச் சொல்லிக் கொடுத்தார். முதற்பாடமே இந்தச் சொற்கள்தான். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அக்கா ஸ்பானியத்தில் சொல்வாள். இரண்டு வயது இளைய கிருபாமலர் தமிழில் சொல்வாள்.

"தூ."

"நீ."

"உஸ்தெட்."

"நீங்க. மதரோட கதைக்கக்குள்ள தூ எண்டிராத அக்கா, துப்புறாய் எண்டு நினைச்சிடுவா."

சிரித்துச் சிரித்து அக்காவின் கையிலிருந்து சவர்க்காரம் வழுக்கி விழும். ஆனால் வரிசையாகச் சொல்லும்போது எய்யாவோடு அவளுக்கு நின்றுவிடும். கண்ணை மூடி யோசிப்பாள். பிறகு தங்கையைப் பார்ப்பாள். "நொசோத்ரோஸ்," என்று கிருபாமலர் எடுத்துக் கொடுப்பாள். நாங்கள். அதற்குப் பிறகு அக்கா தானாக ஓடிவிடுவாள்.

ஒருநாள் மாலை இந்தச் சொல்லில் நிற்கும்போது ஐயா கால் கழுவ வந்தார். எலிசா போவதற்கு அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"என்னகா அது?" என்று கேட்டார்.

ஐயா கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் அக்கா விளக்கினாள். "நாங்க எண்டதுக்கு அவங்களுக்கு ரெண்டு சொல் ஐயா. எங்கட வீட்டில அம்மா, நான், கிருபா எல்லாம் பொம்பிளையள்தான். எண்டாலும் நீங்க ஒரு ஆம்பிளை இருக்கிறதால நாங்க நொசோத்ரோஸ். மடத்தில எல்லாரும் பொம்பிளையள். அதால அங்க நாங்க நொசோத்ராஸ்."

ஐயா வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் இல்லாத நாங்களுக்கும் அங்க ஒரு சொல் கிடக்கு."

"சும்மா இலக்கணம்தானே ஐயா."

அவர் மீதித் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை பாயைச் சுருட்டிக்கொண்டு வயலில் இருந்த வாடிக் குடிசைக்குப் போனார். வெட்டுக் காலம், காவல் வேண்டும் என்றார். அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்தபோதுகூட வேலிக்கு வெளியே நின்றே அம்மாவிடம் விசாரித்தார். உள்ளே வரச் சொன்னதற்கு, "அவள் கூப்பிடட்டும்," என்றார். அப்போது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது.

களத்தில் நெற்கதிரைப் பரப்பிச் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். எருமைகளின் பின்னால் ஐயா கம்போடு சுற்றி வந்துகொண்டிருந்தார். தலை முழுக்க வைக்கோல் தூசி. வண்டியிலிருந்து மகள் இறங்குவதைக் கண்டதும் நின்றார்.

அக்காவுக்குக் கடுமை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அவர் வந்திருப்பார். அபூசாலி காக்கா கேட்ட பிறகு வழியெல்லாம் அவள் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, அக்கா உங்களைக் கூப்பிடுறா."

"என்னையா?"

"ஓம்."

அவர் கம்பைப் போட்டுவிட்டு நடந்தார். எருமைகள் தம்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. வண்டியில் ஏறி வெகுதூரம் வந்தபின், "ஐயா எண்டா கூப்பிட்டாள்?" என்று கேட்டார். கிருபாமலர் ஓம் என்று தலையை ஆட்டினாள். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தலையில் இருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்கினார்.

வீட்டில் அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயா பாயருகே முழங்காலில் விழுந்து அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்தார்.

"வந்திற்றன் மகள். ஐயா வந்திற்றன்."

அக்காவின் கண்கள் கொஞ்சம் திறந்தன. உதடு அசைந்தது.

"யோ... தூ..."

"என்ன மகள்?"

"எல்... எய்யா."

"ஓம் மகள், ஐயாதான். இஞ்சதான் இருக்கன்."

எய்யாவோடு அக்காவுக்கு நின்றுவிட்டது. அவள் பார்வை மெல்லத் திரும்பிச் சுவரோரம் நின்ற கிருபாமலரிடம் வந்தது. கிணற்றடியில் பார்க்கும் அதே பார்வை. கிருபாமலரின் நாக்கு நுனியில் சொல் இருந்தது. சொன்னால் ஐயா திரும்பிப் பார்ப்பார். என்ன அது என்று கேட்பார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா காத்திருந்தாள். காத்திருந்தபடியே மூச்சு ஒருதரம் இழுத்தது, பிறகு இழுக்கவில்லை. ஐயா இன்னும் "இஞ்சதான் இருக்கன், இஞ்சதான் இருக்கன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாதான் முதலில் கத்தினாள்.

மறுநாள் அடக்கத்துக்கு முன் மதர் கொன்சுவேலோ வந்தார். பெட்டியருகே நின்று எலிசாவின் நெற்றியில் சிலுவை வரைந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முதல்ல என்னமோ முனகினாள் மதர், யோ, தூ எண்டு. பிறகு தெளிவாச் சொன்னாள், ஐயா எண்டு. தகப்பன்ட கையிலதான் போனாள்."

மதரின் முகம் ஒரு கணம் மாறியது. அவர் கிருபாமலரைப் பார்த்தார். கிருபாமலர் மெதுவாக, மிக மெதுவாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. பக்கத்தில் ஐயா நின்று மதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார் மதர் தன் இடறும் தமிழில். "ஐயா. நல்ல பிள்ளை. ஐயாவைக் கூப்பிட்டது."

அவர் கழுத்திலிருந்த சிலுவையை உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உலை வைக்காத வீட்டுக்கு அபூசாலி காக்காவின் மனைவி சபியா உம்மா சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்திருந்தாள். அம்மா சுருண்டு படுத்துவிட்டாள். சபியா உம்மா அவளருகே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கிருபாமலர் ஐயாவுக்குச் சோறு போட்டாள். அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கிருபா."

"என்ன ஐயா?"

"நீயும் பக்கத்தில நிண்டாய். உனக்கும் கேட்டதுதானே?"

"கேட்டது ஐயா."

"ஐயா எண்டுதானே?"

"ஓம் ஐயா."

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அவளுக்கு என்னில கோவம் ஒண்டும் இல்ல, என்ன?"

"இல்ல ஐயா."

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. ஐயா நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். நாட்கணக்கில் சாப்பிடாத மனிதனைப் போலச் சாப்பிட்டார். முள்ளைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை.

அவள் குசினிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அதற்குள் அவர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது. வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. விரல்களில் சோறு காயத் தொடங்கியிருந்தது.

கிருபாமலர் பக்கத்தில் உட்கார்ந்தாள். செம்பைச் சரித்து, அவரை எழுப்பாமல், அந்தக் கையை விரல் விரலாகக் கழுவிவிட்டாள்.